வன்னியிலிருந்து சீன நகரமொன்றுக்கு வேலைக்குப் போகிறவர் செய்ய வேண்டியவை

சீன நகரமொன்றில் வெளிநாட்டவரின் அன்றாட வாழ்வு மூன்று பொருள்களில் தங்கியிருக்கிறது: கடவுச்சீட்டு, அந்தக் கடவுச்சீட்டைக் காட்டி எடுத்த சீனத் தொலைபேசி இலக்கம், அந்த இலக்கத்தோடு பிணைத்த வங்கிக் கணக்கு. இவை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டால் சந்தையில் கீரை வாங்குவது முதல் அதிவேக ரயிலில் ஏறுவது வரை எல்லாம் கைத்தொலைபேசியிலேயே முடிந்துவிடும்; ஒன்றில் ஓரெழுத்துப் பிசகினாலும் நாள்கணக்கில் அலைய நேரும். குவாங்சோ நகரில் நான்கு ஆண்டுகள் வேலை செய்து, எனக்குப் பின்னால் வந்த தம்பிமார், தங்கைமார் சிலரின் அலைச்சலிலும் கூடநின்ற அனுபவத்தில், எதை எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். அந்த ஒழுங்கு நம் வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் பத்திரங்களிலிருந்தே தொடங்குகிறது.

பெயரைச் சரிசெய்தல்

2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடத்துக்கு இடம் பெயர்ந்துபோன வன்னிக் குடும்பங்கள் பலவற்றில் மூலப் பத்திரங்கள் எதுவும் தப்பவில்லை. பின்னர் எடுத்த பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், பட்டச் சான்றிதழில் வேறொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஊரில் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தால் இதைச் சமாளித்துவிடலாம். சீனாவிலோ பெயரைச் சரிபார்ப்பது பெரும்பாலும் கணினி. அதற்குக் காரணம் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஆகவே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே எல்லாப் பத்திரங்களையும் ஒரு பாயில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பிழையுள்ளதைத் திருத்திக்கொள்ளுங்கள். அதற்கு மாதக்கணக்கில் எடுத்தாலும் அது வீண்போன காலம் ஆகாது.

பட்டச் சான்றிதழையும் பொலிஸ் நற்சான்றிதழையும் முதலில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவிலும், அதன்பின் கொழும்பிலுள்ள சீனத் தூதரகத்திலும் உறுதிப்படுத்த வேண்டும். அமைச்சின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலும் இருப்பதால் முதற்படிக்காகக் கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை. இந்தப் பத்திரங்களை வைத்து உங்களை அழைக்கும் நிறுவனம் சீனாவில் தொழில் அனுமதி அறிவித்தலைப் பெற்று அனுப்பும். அதைக் கொண்டே வேலைக்கான இசட் வகை வீசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பொதுவாகப் பட்டமும் இரண்டு ஆண்டு வேலை அனுபவமும் கேட்பார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பல்கலைக்கழகப் பீடங்களில் படித்து முடித்தவுடன் போக நினைக்கும் பிள்ளைகள் இதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

“சுற்றுலா வீசாவில் போங்கோ, அங்கே போய் மாற்றித் தாறம்” என்று சொல்லும் முகவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அனுமதியின்றி வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை தண்டமும், பாரதூரமான நிலையில் 5 முதல் 15 நாள் வரை தடுத்துவைப்பும் சீனச் சட்டத்தில் இருக்கின்றன. கணினி வேலை என்று நம்பிப் புறப்பட்ட இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடியில் இணையமோசடி முகாம்களுக்குள் அடைக்கப்பட்ட கதையை நாம் அறிவோம். தாயின் தாலிக்கொடியை அடகுவைத்த காசு அப்படிப் போகக்கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டறியலாம். புறப்படும் முன் அந்தப் பணியகத்தில் உங்களைப் பதிவுசெய்துகொள்வதும் கட்டாயம்.

இன்னும் இரண்டு வேலைகளை ஊரிலேயே முடித்துவிட வேண்டும். சீனாவில் வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப், கூகுள் எதுவும் சாதாரண இணைப்பில் திறக்காது, இந்தத் தடையைச் சுற்றிப்போக உதவும் வி.பி.என். செயலிகளின் அனுமதியற்ற பாவனை சட்டத்துக்குப் புறம்பானது. இலங்கை சிம் அட்டையில் ரோமிங் இருந்தால் வட்ஸ்அப் வேலை செய்யும், ஆனால் நாளாந்தம் பேச அது கட்டுபடியாகாது. எனவே சீனாவில் செய்தி அனுப்பவும் காசு கட்டவும் பாவிக்கும் வீசாட் செயலியை அம்மாவின் தொலைபேசியில் நீங்களே அருகிலிருந்து நிறுவிக் கொடுங்கள். புதிய கணக்குத் திறக்கும்போது ஏற்கெனவே கணக்குள்ள ஒருவர் கியூ.ஆர். குறியீட்டை வருடி உறுதிசெய்யும்படி அது சில வேளை கேட்கும் என்பதால், தெரிந்த ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைப்பது நல்லது. அம்மா தனியாகக் குரற்பதிவு அனுப்பப் பழகும் வரை ஒரு வாரம் இருவரும் பழகிப்பாருங்கள். சீன நேரம் நம் நேரத்திலும் இரண்டரை மணித்தியாலம் முந்தியது. பரந்தனில் இரவு எட்டு மணி என்றால் குவாங்சோவில் பத்தரை மணி. அடுத்தது, உங்கள் வங்கி அட்டையின் வெளிநாட்டுப் பாவனையைத் திறந்துவிடும்படி வங்கியிடம் கேட்டு, அந்த அட்டையை, கைத்தொலைபேசியால் காசு கட்டும் அலிபே செயலியில் இணைத்துவையுங்கள். 200 யுவானுக்கு உட்பட்ட கொடுப்பனவுக்கு வெளிநாட்டு அட்டையிடம் மேலதிகக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 3 வீதம் அறவிடப்படும்.

முதல் முப்பது நாள்

நாட்டுக்குள் நுழைந்த 24 மணித்தியாலத்துக்குள் நீங்கள் தங்கும் இடத்தைப் பொலிஸில் பதிய வேண்டும். விடுதியில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள். வீட்டில் தங்கினால் உரிய காவல் நிலையத்துக்கு நேரில் போகவேண்டும், சில நகரங்களில் இணையம் வழியாகவும் பதியலாம். பொலிஸ் பதிவு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவருக்கு நெஞ்சு திடுக்கிடும். குடும்ப அட்டையோடு வரிசையில் நின்ற நினைவுகள் அப்படி. இந்தப் பதிவு எந்த நாட்டவருக்கும் பொதுவானது, பத்து நிமிடத்தில் ஒரு தாளைத் தந்து அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், வதிவிட அனுமதிக்கு அது தேவை. வீடு மாறும் ஒவ்வொரு முறையும் மறுபடி பதிய வேண்டும். தவறினால் 2,000 யுவான் வரை தண்டம் விதிக்கலாம்.

அடுத்ததாக சிம் அட்டை எடுங்கள். இதை இரண்டாம் நாளே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருத்துவப் பரிசோதனை, தொழில் அனுமதி ஆகியவற்றுக்குப் பின், வந்த 30 நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் கடவுச்சீட்டைக் குடிவரவு அலுவலகம் வாங்கிவைத்துக்கொள்ளும். அது திரும்பிவர 15 வேலைநாள் வரை செல்லலாம். அந்நாள்களில் கையில் இருப்பது ஒரு பற்றுச்சீட்டு மட்டுமே. அதைக் காட்டி ரயிலில் போகலாம், ஆனால் வங்கிக் கணக்குத் திறப்பது நடக்காது. சிம் அட்டையும் இல்லாமல் மாட்டிக்கொண்டால் செயலிகள் கேட்கும் குறுஞ்செய்திக் குறியீடு வர வழியே இராது. மருத்துவப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு காலையிலேயே போய்விடுங்கள்.

வங்கியில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சீனப் பெயர் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று எழுத்துத்தான். நம் பெயரோ தகப்பன் பெயரும் சொந்தப் பெயருமாக இருபது முப்பது ஆங்கில எழுத்து நீளும். கருமபீடத்தில் இருக்கும் பெண் அதைப் பார்த்துத் தட்டச்சுச் செய்யும்போது தகப்பன் பெயரை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, நடுவில் இடைவெளி விடுவதா இல்லையா என்று தடுமாறுவார். எனக்கு வங்கியில் இடைவெளியின்றிப் பதிந்துவிட்டார்கள். தொலைபேசி நிறுவனத்தில் இடைவெளியோடு பதிந்திருந்தார்கள். வீசாட்டோ அலிபேயோ அந்த அட்டையை ஏற்கவில்லை. காரணம் பிடிபடவே மூன்று வாரம் ஆயிற்று, அதுவரை நான் பாண் வாங்கவும் தாள் காசை நீட்டி மிச்சக் காசுக்குக் காத்துநின்றேன். ஆகவே பதிவை உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தும் முன், திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டும்படி கேளுங்கள். கடவுச்சீட்டின் அடியில் அம்புக்குறிகளோடு அச்சிட்டிருக்கும் இரண்டு வரிகளில் பெயர் எந்த ஒழுங்கில் இருக்கிறதோ அதே ஒழுங்கை எல்லா இடத்திலும் பின்பற்றச் சொல்லி, முதலில் பதிந்த இடத்தில் தந்த தாளைப் படமெடுத்து அடுத்த இடத்தில் காட்டுங்கள்.

வீடும் சமையலும்

வாடகைக்கு வழமையாக ஒரு மாத வைப்புப்பணமும் மூன்று மாத முற்பணமும் கேட்பார்கள், அதாவது வீட்டுக்குள் கால்வைக்க நான்கு மாதக் காசு வேண்டும். பொலிஸ் பதிவுக்குத் தன் பத்திரங்களைத் தர மறுக்கும் வீட்டுக்காரரின் வீடு எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். புகுந்த நாளே சுவர், குழாய், கட்டில் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வீசாட்டில் அனுப்பிவையுங்கள். வைப்புப்பணம் திரும்பிவர அதுவே சாட்சி.

குளிரைப் பற்றி நம்மவர் தப்புக்கணக்குப் போடுவதுண்டு. பெய்ஜிங் போன்ற வட நகரங்களில் குளிர்காலத்தில் வீடுகளுக்கு மத்திய வெப்பமூட்டல் உண்டு; ஷங்ஹாயிலும் அதற்குத் தெற்கிலும் பெரும்பாலான வீடுகளில் அது இல்லை. அதனால் தெற்கே வீட்டுக்குள்ளேதான் உடல் நடுங்கும். மின்போர்வை ஒன்று வாங்கிவிடுங்கள். குவாங்சோவில் பெப்ரவரி, மார்ச்சில் ஈரக்காற்று வந்து சுவரே வியர்க்கும் நாள்களில் சன்னலைப் பூட்டியே வையுங்கள்.

விமானத்தில் பழம், மரக்கறி, விதை, நாற்று, இறைச்சி, பச்சை மீன், பாற்பொருள்கள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. கறிவேப்பிலைக் கன்றை ஊரிலேயே விட்டுச்செல்ல வேண்டியதுதான். வறுத்தரைத்த மிளகாய்த்தூளை முத்திரையிட்ட பொதியில் எடுத்துப்போகலாம், சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள். மற்றவற்றுக்கு அங்குள்ளதைக் கொண்டே வழிசெய்யலாம். ‘மீஃபென்’ என்ற பெயரில் விற்கும் காய்ந்த அரிசி நூல் நம் இடியப்பத்தின் உடன்பிறப்பு. அதைக் கொதிநீரில் அவியவிடாமல், வெந்நீரில் ஊறவைத்து வடித்து, நீற்றுப்பெட்டிக்குப் பதிலாக மூங்கில் ஆவித்தட்டில் மூன்று நிமிடம் மட்டும் ஆவிகாட்டி எடுத்தால் நூல் நூலாக நிற்கும். பேணியில் வரும் தேங்காய்ப்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பச்சைமிளகாய், வெங்காயம், மஞ்சள், உப்புப் போட்டுத் திரையாமல் மெல்லக் காய்ச்சி, இறக்கியபின் எலுமிச்சம்புளி விட்டால் சொதி. இந்த இரண்டும் மேசைக்கு வந்த முதல் இரவில் நான் வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

வெளியே சாப்பிடும்போது செவ்வாய், வெள்ளி விரதக்காரர் கவனிக்க வேண்டியது, கீரை வதக்கவும் பன்றிக்கொழுப்பைப் பாவிக்கும் கடைகள் உண்டு என்பதை. “வோ ச்சு ஸூ” என்றால் நான் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். பௌத்தர் நடத்தும் சைவ உணவகங்கள் பல நகரங்களில் இருக்கின்றன. முஸ்லிம் சகோதரர்கள் ஹலால் உணவைக் குறிக்கும் ‘சிங்ஜென்’ என்ற இரண்டெழுத்துப் பலகையைத் தேடிப் போகலாம். மாட்டிறைச்சி உண்ணாதவர் அதே கடைகளில் “பு யாவ் நியூ ழோ” என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இறைச்சியைக் குறிக்கும் அந்தச் சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருங்கியது. பிற நாட்டவர் வருடக்கணக்கில் திக்கும் அந்த ஒலி தமிழ் நாவுக்கு முதல் நாளே வந்துவிடும். அந்த மகிழ்ச்சியோடு மொழியைப் படிக்கத் தொடங்குங்கள், மூன்று மாதத்தில் சந்தைக்குப் போதுமான சீனம் வாய்க்கும்.

வேலை, சம்பளம், நோய்

ஒப்பந்தத்தின் சீனப் பிரதியே பெரும்பாலும் செல்லுபடியாகும் என்பதால், கையெழுத்திடும் முன் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு அதை வாசிப்பித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டுக்கு மேல் மூன்று ஆண்டுக்குக் குறைந்த ஒப்பந்தத்தில் தகுதிகாண் காலம் இரண்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. பகல் சாப்பாட்டின் பின் அலுவலகத்தில் விளக்கணைத்து மேசையிலேயே எல்லோரும் ஒரு கண் உறங்குவார்கள். அந்நேரம் தொலைபேசியில் பேசாமல் நீங்களும் கண்ணயருங்கள். நீண்ட விடுமுறைகளுக்கு ஈடாக அருகிலுள்ள சனி, ஞாயிறு வேலைநாளாக மாறும், ஆண்டு அட்டவணையை முன்பே பார்த்துவையுங்கள். சீனப் புத்தாண்டுக்கு ரயில் இருக்கைகள் விற்பனைக்கு வந்தவுடனேயே தீர்ந்துவிடும், கடைகளும் பூட்டிக்கிடக்கும். அரிசி, பருப்பை முன்பே வாங்கிவையுங்கள். வேறு விடுமுறையில் ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்சோவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும், அங்கிருந்த சிவன் கோயிலின் சிற்பங்களும் கிடைத்த துறைமுகம் அது. தனிமை மிகுந்த ஒரு மாதத்தில் அந்தக் கல்லின் எழுத்துகள் எனக்குச் செய்த உதவி பெரிது.

மாதச் சம்பளத்தில் 5,000 யுவானுக்கு வருமானவரி விலக்குண்டு. அதற்கு மேல் 3 வீதத்திலிருந்து வரி தொடங்கும். வரிப் பற்றுச்சீட்டையும் ஒப்பந்தத்தையும் காட்டினால் வங்கியே வரிகட்டிய சம்பளத்தை வெளிநாட்டு நாணயமாக மாற்றி ஊருக்கு அனுப்பும். நேரம் பிடிக்கிறது என்று உண்டியல்காரரையோ, குழுக்களில் காசு மாற்றித் தருவோரையோ நாட வேண்டாம். முன்பின் தெரியாதவர் உங்கள் கணக்கில் போடும் பணம் மோசடிப் பணமாக இருந்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். தொடக்கத்தில் சொன்ன மூன்று பொருள்களில் ஒன்று அறுந்தால் மற்ற இரண்டும் பயனற்றுப்போகும்.

சுகவீனம் என்றால் நேரே வைத்தியசாலைக்குக் கடவுச்சீட்டோடு போய், முதலில் இலக்கம் எடுத்து, கட்டணம் செலுத்தியபின்பே வைத்தியரைக் காணலாம். அம்புலன்ஸ் 120, பொலிஸ் 110, தீயணைப்பு 119. குடிவரவுச் சந்தேகங்களுக்கு 12367 இல் ஆங்கிலத்திலும் பேசலாம். இலங்கைத் தூதரகம் பெய்ஜிங்கிலும் துணைத்தூதரகங்கள் ஷங்ஹாயிலும் குவாங்சோவிலும் இருக்கின்றன.

வேலையை விடும்போது

உங்கள் தொழில் அனுமதி அந்த ஒரு நிறுவனத்துக்கே உரியது. கோபத்தில் எழுந்துவந்து மறுநாள் வேறிடத்தில் சேர முடியாது. 30 நாள் எழுத்துமூல முன்னறிவித்தல் கொடுத்து, கடைசி நாளில் விலகற் சான்றிதழைக் கையில் வாங்கிய பின்பே வெளியேறுங்கள். ஊருக்கே திரும்புவதானால், மாதாமாதம் சம்பளத்தில் 8 வீதமாகக் கழிந்த ஓய்வூதியப் பங்கு உங்கள் தனிக்கணக்கில் சேர்ந்திருக்கும். வெளிநாட்டவர் நாட்டைவிட்டுச் செல்லும்போது விண்ணப்பித்து அதை மீளப் பெறலாம். அந்தப் பணம் கணக்கில் விழும் வரை வங்கிக் கணக்கை மூடவோ தொலைபேசி இலக்கத்தைக் கைவிடவோ வேண்டாம்.