சவுண்டல் தழையும் குட்டிகளின் முடி உதிர்வும்

பால் மறந்த செம்மறிக் குட்டிகளுக்குச் சவுண்டல் (சூபாபுல்) மரத் தழையை மட்டுமே வயிறு நிறையப் போட்டதில், முதுகு முடி கொத்தாகக் கையோடு வந்தது. வாயில் எச்சில் ஒழுகியது. தழையில் உள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருள்தான் காரணம், கொழுந்தில் அது இன்னும் அதிகம். தழையை அடியோடு நிறுத்தினேன். முடி திரும்ப முளைத்த பிறகு அளவோடு தொடங்கினேன்: 15 கிலோ குட்டிக்கு நாளைக்குப் பசுந்தீவனம் சுமார் 2 கிலோ, அதில் சவுண்டல் 600 கிராமுக்கு மேல் கூடாது. மீதி கோ 4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கூடவே கொஞ்சம் காய்ந்த சோளத்தட்டு.

இன்னொரு தீவன மரமான கிளைரிசிடியாவின் தழையைக் குட்டிகள் முகர்ந்துவிட்டு ஒதுங்கும், வாடை அப்படி. மாலையில் வெட்டி நிழலில் பரப்பி வாடவிட்டு, காலையில் கொடுத்தால் தின்னும். குவித்து வைத்தால் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். தரையில் போடாமல் குட்டியின் தலை உயரத்தில் கட்டாகத் தொங்கவிடுங்கள், சாணி மூத்திரம் படாது. குச்சி மட்டும்தான் மிஞ்சும்.