பழைய ராக் ஒர்க்ஸ்டேஷன் சேகரிக்கிறீர்களா? போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் கௌரிபாளையா குஜரிக் (பழைய சாமான்) கடைகளிலும் இப்போது பழைய ஒர்க்ஸ்டேஷன், அதாவது பொறியாளர்கள் பயன்படுத்திய சக்திவாய்ந்த கணினி, தேடும் இளைஞர்களைப் பார்க்க முடிகிறது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். பெங்களூரில் இந்த இயந்திரங்கள் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே சிப் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. விமானம், விண்வெளி, பாதுகாப்பு ஆய்வு வேலைகளும் இதே ஊரில்தான் நடந்தன. இப்படிப்பட்ட வேலைகளுக்குச் சாதாரண பி.சி. போதாத காலம் அது. அதனால் டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்), சன், எச்.பி., சிலிக்கான் கிராஃபிக்ஸ் பெட்டிகள் இங்கே வந்து இறங்கின.

ஆனால் புதிதாக வருபவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. நாங்கள் ஆரம்பித்த காலத்தில் எந்தத் தவறுகளால் நல்ல இயந்திரங்கள் வீணாயினவோ, அதே தவறுகளால்தான் இன்றும் வீணாகின்றன. தூசி தட்டுங்கள், ஈரக் கையோடு தொடாதீர்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முன்பக்கப் பெயரை வைத்து முடிவு செய்வது

ராக் எனப்படும் சட்டத்தில் பொருத்தும் இயந்திரங்களில் பெட்டி ஒன்று, உள்ளே இருப்பது வேறு. டெக் நிறுவனத்தின் பிஏ23 பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பெட்டியில் பிடிபி-11 கணினிக் குடும்பமும் வந்தது, மைக்ரோவாக்ஸ் 2 கணினியும் வந்தது. எது என்று தெரிய போர்டின் கைப்பிடியில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். எம்8190 என்றால் பிடிபி-11/73 வகை சிபியு. எம்7606 என்றால் மைக்ரோவாக்ஸ் 2. அதோடு எம்7602 என்ற வீடியோ போர்டும் இருந்தால் அது சர்வர் இல்லை, வாக்ஸ்ஸ்டேஷன் 2. அந்த ஒரு போர்டுதான் இயந்திரத்தின் அடையாளத்தையே மாற்றுகிறது.

சிலிக்கான் கிராஃபிக்ஸிலும் இதே கதைதான். ஒரிஜின் 2000, ஓனிக்ஸ்2 இரண்டும் 1996-ல் ஒரே அடிப்படை வடிவமைப்பில் வந்தவை. கிராஃபிக்ஸ் போர்டுகள் இருந்தால்தான் அது ஓனிக்ஸ்2. சன்னில் என்டர்பிரைஸ் 220ஆர் என்ற ராக் சர்வரும் அல்ட்ரா 60 ஒர்க்ஸ்டேஷனும் ஒரே மதர்போர்டு வடிவமைப்பைச் சேர்ந்தவை. வெளித் தகட்டை யாரும் மாற்றி மாட்டலாம். அதனால் போர்டு எண்ணைப் படித்த பிறகே விலை பேசுங்கள்.

எந்தக் காலத்தது என்று தெரியவில்லையா? சிப்களின் மேல் நான்கு இலக்க எண் இருக்கும். 8734 என்றால் 1987-ம் ஆண்டின் 34-வது வாரம். போர்டில் இருப்பவற்றிலேயே பிந்தைய எண்ணைத் தேடுங்கள். போர்டு அதற்கு முன்னால் தயாராகியிருக்க முடியாது. பிற்பாடு ரிப்பேரில் மாற்றிய சிப் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

போர்டுகளைக் கழற்றிய பிறகு யோசிப்பது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, ஒரு பிஏ23 கிடைச்சிருக்கு. நல்லா கிளீன் பண்ணிட்டேன். ஆனா பூட் ஆகல, டெட்டுனு நினைக்கிறேன்." போய்ப் பார்த்தேன். எல்லாப் போர்டுகளையும் உருவி, துடைத்து, காற்றோட்டத்துக்காக நடுநடுவே இடைவெளி விட்டு மறுபடி செருகியிருந்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் இந்த இயந்திரத்தில் அப்படிச் செய்யவே கூடாது.

காரணம் இதுதான். போர்டுகளைச் செருகும் பின்தட்டான கியூ-பஸ் பேக்பிளேனில், இன்டரப்ட்டுக்கும் (போர்டு சிபியுவின் கவனத்தைக் கேட்பது) டிஎம்ஏவுக்கும் (போர்டு நேராக மெமரியை அணுகுவது) சிபியு கொடுக்கும் அனுமதி சிக்னல் ஒவ்வொரு போர்டு வழியாகவும் அடுத்ததற்குப் போகிறது. நடுவில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். சிபியுவும் மெமரியும் சரியாக இருப்பதால் திரையில் மூன்று அம்புக்குறிகளோடு கன்சோல் வரும், டிஸ்க் மட்டும் வேலை செய்யாது. பார்ப்பவர் டிஸ்க் கன்ட்ரோலர் செத்துவிட்டது என்று நினைப்பார். காலி இடத்தை நிரப்புவதற்காகவே எம்9047 என்று ஒரு சின்ன அட்டை உண்டு. அதில் சிப் எதுவும் இருக்காது, வெறும் தாமிரக் கோடுகள்தான். தம்பியிடம் கேட்டேன். "அதுல ஒண்ணுமே இல்லையேண்ணா, குப்பையில போட்டுட்டேன்" என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது. பிஏ23-ல் எட்டு ஸ்லாட். முதல் மூன்றும் மற்ற ஐந்தும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் வயரிங் வேறு. முதல் மூன்றில் பாதிப் பக்கம் பஸ் (எல்லாப் போர்டுகளுக்கும் பொதுவான தடம்), மறுபாதி பக்கத்து போர்டோடு நேரடி இணைப்பு. நான்காவதிலிருந்து இரண்டு பாதியிலும் பஸ்தான், அதுவும் வளைந்து வளைந்து போகும். மைக்ரோவாக்ஸ் 2-ன் சிபியு முதல் ஸ்லாட்டிலும், மெமரி அடுத்த இரண்டிலும், மேலே ஒரு ரிப்பன் கேபிளோடு இருக்க வேண்டும். மெமரியைத் தள்ளி ஐந்தாவதில் செருகி கரண்ட் கொடுத்தால் போர்டே போய்விடலாம். அந்த வீட்டில் அதுதான் நடந்திருந்தது.

இதோடு முடியவில்லை. இயந்திரம் செத்தது என்று முடிவு கட்டி, உபரி என்று தோன்றிய போர்டுகளை வாங்கிய கடைக்கே எடை போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார். போர்டின் முனையில் தங்கப் பூச்சு இருப்பதால் கடைக்காரர் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார். பின்பக்கத் தகட்டில் வீடியோ சாக்கெட் மட்டும் ரிப்பனோடு அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது வாக்ஸ்ஸ்டேஷன். எம்7602 அந்த மூட்டையில் போயிருக்கிறது. கடைக்கு ஓடினோம். சரக்கு ஏற்கெனவே கை மாறியிருந்தது.

ஆகவே தயவுசெய்து இப்படிச் செய்யுங்கள். மூடியைத் திறந்ததும் முதல் வேலை படம் எடுப்பது. ஒவ்வொரு போர்டின் கைப்பிடியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஸ்லாட் எண் எழுதுங்கள். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். போர்டில் உள்ள ஜம்பர், சின்ன சுவிட்ச் நிலைகளைக் கிட்டப் போய்ப் படம் எடுங்கள். அவைதான் போர்டின் முகவரி. பின்பக்க சாக்கெட் தகடுகளையும் கேபிள்களையும் போர்டோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். அவை இல்லாமல் போர்டு இருந்தும் பிரயோஜனமில்லை. கடையிலேயே யாரோ கழற்றிவிட்டார்கள் என்றால், அந்தக் கடையின் மூட்டை முழுவதையும் தேடிப் பாருங்கள். சிப் இல்லாத சின்ன அட்டைகளை முதலில் தேடுங்கள்.

சிலிக்கான் கிராஃபிக்ஸ் ஆக்டேன், ஓனிக்ஸ்2 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. எக்ஸ்ஐஓ எனும் விரிவாக்கப் போர்டுகளின் கனெக்டரில் முடி மாதிரி நுண்ணிய தொடுமுனைகள் இருக்கும். விரல் பட்டால், பிரஷ் பட்டால் போச்சு. அவசியம் இல்லாமல் கழற்றவே வேண்டாம்.

சன்னின் பேட்டரி சிப்பைத் தூக்கிப் போடுவது

ஸ்பார்க்ஸ்டேஷனை ஆன் செய்ததும் ஐடிபிராம் (இயந்திரத்தின் அடையாளப் பதிவு) செக்சம் தப்பு என்று வந்தால் பதற வேண்டாம். எம்48டி வகை சிப்புக்குள்ளேயே இருக்கும் லித்தியம் பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இயந்திரத்தின் அடையாள எண்ணான ஹோஸ்ட் ஐடியும் ஈத்தர்நெட் முகவரியும் அதில்தான் இருந்தன. புது சிப் போட்டு திரையில் வரும் ஓகே பிராம்ப்டிலிருந்தே மறுபடி எழுதலாம். ஆனால் பழைய சிப்பின் மேல் பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் சிப்பை எறியாதீர்கள். அந்தக் காலத்து மென்பொருள் லைசென்ஸ் பல அந்த ஐடியோடுதான் பிணைந்திருக்கிறது. சன்னின் ஈத்தர்நெட் முகவரி 08:00:20 என்று தொடங்கும், டெக் 08:00:2பி.

மைக்ரோவாக்ஸில் பேட்டரி பின்பக்கத் தகட்டில் இருக்கும். நிக்கல் காட்மியம், கசியும். அதை உடனே வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஸ்டிக்கரைச் சுரண்டுவது

செய்யாதீர்கள். சொத்து எண், ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்த) ஸ்டிக்கர் எல்லாம் அதன் சரித்திரம்.

டிஸ்கை ஃபார்மட் செய்வது

முதலில் முழு நகல் எடுங்கள். டெக்கின் ஆர்டி53 ஹார்ட் டிஸ்காக இருந்தால் கரண்ட் கொடுக்கும் முன்பே உஷார். ஹெட்டை நிறுத்தும் உள்ளிருக்கும் ரப்பர் காலப்போக்கில் இளகிப் பிசின் போலாகி, ஹெட் அதில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு நிறுவனத்தின் டிசைன் ஃபைல் இருந்தால் அது உங்களுடையது இல்லை. யாருக்கும் காட்டாதீர்கள்.

எல்லா ராக்கும் ஒன்று என்று நினைப்பது

19 அங்குலம் என்பது முகப்பின் அகலம், 482.6 மி.மீ. உயரத்தை அளக்கும் அலகான ஒரு யூ 44.45 மி.மீ. தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் 23 அங்குல ராக்கில் இவை பொருந்தாது. ரெயில்களைப் பெட்டியோடு சேர்த்து வாங்குங்கள், பிறகு தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம். மாடி வீடு என்றால் படிக்கட்டை அளந்துவிட்டு டெம்போ பேசுங்கள்.

வோல்டேஜ் சுவிட்ச்

பின்னால் சுவிட்ச் 120 வோல்ட் என்று இருந்தால் ப்ளக்கைத் தொடாதீர்கள், நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட்.

பில் இல்லாமல் வாங்குவது

2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி பெரிய அளவில் மின்கருவிகள் பயன்படுத்தும் நிறுவனங்கள் மின்கழிவைப் பதிவு பெற்ற தயாரிப்பாளர், புதுப்பிப்பாளர் அல்லது மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். அதனால் முன்பு நேராகக் குஜரிக்கு வந்த சரக்கு இப்போது குறைவு. கடையில் கிடைத்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சீரியல் எண் எழுதிய பில் வாங்கி, அதைப் பெட்டிக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வையுங்கள்.