கணக்கு முகாமுக்கு விண்ணப்பமா? மார்க் ஷீட்டை ஓரமாக வையுங்கள்

அண்ணன் மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது அமெரிக்காவில் நடக்கும் ஒரு கோடைக் கணக்கு முகாமுக்கு விண்ணப்பித்தாள். செய்தி கேட்டதும் வீட்டில் எல்லோரும் பீரோவைக் குடைந்து எடுத்தது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், அபாகஸ் சான்றிதழ், அப்புறம் மூன்றாம் வகுப்பில் கோப்பையோடு நிற்கும் ஒரு போட்டோ. படிவத்தில் மதிப்பெண்ணையும் கேட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் கூடவே ஒரு கணக்குத் தாள் இருந்தது, உண்மையில் அந்தத் தாள்தான் விண்ணப்பம், மற்றதெல்லாம் அதற்கு உறை.

எந்த முகாம்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்னால்ட் ராஸ் 1957-இல் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ராஸ் முகாம் இவற்றுக்கெல்லாம் மூத்தது. அதில் படித்தவர்கள் 1989-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது ப்ராமிஸ் (PROMYS). இரண்டும் ஆறு வாரம், இரண்டிலும் எண் கோட்பாடுதான், அதாவது முழு எண்களின் குணங்களை ஆராயும் கணக்குதான், அடித்தளம். மேத்கேம்ப் 1993-இலிருந்து நடக்கிறது, ஐந்து வாரம், பல தலைப்புகளில் வகுப்பு இருக்கும், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்பவர்கள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடக்கும் ப்ராமிஸ் இந்தியாவைப் பாருங்கள். ரயிலில் போய் இறங்கிவிடலாம், விசா வரிசையும் கிடையாது.

சரி, கணக்குத் தாளுக்கு வருவோம். ஜேஇஇ கோச்சிங்கில் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் என்று பழகிய பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். இங்கே ஒரு கேள்வியோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும். ஷார்ட்கட், ஃபார்முலா எதுவும் உதவாது. விடை என்ன என்பதைவிட எப்படி யோசித்தாய், ஏன் அது எப்போதும் சரி என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

முகாம்களின் கேள்வியை இங்கே போடக் கூடாது, அதனால் அதே ஜாதியில் ஒரு பழைய கணக்கு: எந்தெந்த எண்களை அடுத்தடுத்து வரும் இயல் எண்களின் (குறைந்தது இரண்டு) கூட்டலாக எழுதலாம்? 9 = 4+5. 12 = 3+4+5. 10 = 1+2+3+4. உட்கார்ந்து இருபது வரை எழுதிப் பாருங்கள், 1, 2, 4, 8, 16 மட்டும் அடம்பிடிக்கும். எல்லாம் இரண்டின் அடுக்குகள். நம்ம வீட்டுப் பெண்ணும் இந்த மாதிரி ஒரு கேள்வியில் இருபது வரை அட்டவணை போட்டு, “இதிலிருந்து நிரூபணமாகிறது” என்று எழுதிப் பேனாவை மூடிவிட்டாள். இருபது எண்ணுக்குச் சரியாக வந்தது என்றால் இருபது எண்ணுக்குச் சரியாக வந்தது, அவ்வளவுதான். அவளிடம் n²+n+41-ஐக் காட்டினேன்: n-க்கு 0-இலிருந்து 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் வரும், 40 போட்டால் 1681, அதாவது 41×41. மொத்தமும் போச்சு.

அப்படியானால் என்ன எழுதுவது? முதலில் அட்டவணை, பிறகு “இரண்டின் அடுக்குகள் மட்டும் வராது என்று நினைக்கிறேன்” என்ற ஊகம், பிறகு ஏன் என்பது. ஒற்றைப்படை சுலபம், பாதியில் உடைத்தால் போதும், 15 = 7+8. 14 மாதிரி இரட்டைப்படையில் மாட்டிக்கொள்வீர்கள். 14 = 7×2 ஆயிற்றே, அப்போ 2-ஐ நடுவில் வைத்து ஏழு எண்களை எழுதுங்கள்: −1, 0, 1, 2, 3, 4, 5. கூட்டினால் 14. எதிர்மறை எண் உள்ளே வந்துவிட்டதே என்று அழிக்காதீர்கள், −1-ம் 1-ம் ஒன்றையொன்று தின்றுவிடும், பூஜ்ஜியம் தானே விழுந்துவிடும், மிச்சம் 2+3+4+5. ஒன்றைவிடப் பெரிய ஒற்றைப்படைக் காரணி இருக்கிற எந்த எண்ணுக்கும் இந்த வித்தை ஓடும். மறுபாதி, அதாவது இரண்டின் அடுக்குகளுக்கு ஏன் முடியவே முடியாது என்பது, உங்களுக்கு வேலை. a-இல் தொடங்கும் k எண்களின் கூட்டுத்தொகையை எழுதி, k, 2a+k−1 இரண்டில் எது ஒற்றை எது இரட்டை என்று மட்டும் யோசியுங்கள்.

மறுபாதி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் பாதியைத் தெளிவாக எழுதி, இந்த இடத்தில் நின்றுவிட்டேன், இதையெல்லாம் முயன்றேன் என்று சேர்த்து அனுப்புங்கள். எல்லாக் கேள்வியும் போட்டவர்களைத்தான் எடுப்போம் என்று இவர்கள் சொல்வதில்லை. விடை தெரிந்ததுபோல பூசி மெழுகினால் படிப்பவருக்கு மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும், அவர்கள் காலமெல்லாம் நிரூபணம் படிக்கிறவர்கள்.

உதவி வாங்காதீர்கள். ட்யூஷன் சார், மாமா, சாட்ஜிபிடி, யாரும் வேண்டாம். பொதுவான பாடத்தைப் புத்தகத்தில் படிக்கலாமா, எதைக் குறிப்பிட வேண்டும் என்பது முகாமுக்கு முகாம் வேறுபடும், விதிகளை வரி விடாமல் படியுங்கள். நான் n²+n+41 காட்டியதோடு வாயை மூடிக்கொண்டேன், அதற்குப் பிறகு அவள் தாளில் என்ன எழுதினாள் என்று அனுப்பும் வரை பார்க்கவில்லை. அடுத்தவர் மூளையை வைத்து முகாமுக்குள் போனால் ஆறு வாரமும் தினம் ஒரு கணக்குத் தாள் வரும், அங்கே மாமா வர மாட்டார்.

அடுத்து ரெகமெண்டேஷன் லெட்டர். இதில்தான் எங்களுக்குத் தூக்கம் போனது. பள்ளியில் கேட்டதும் கொடுத்தது நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி ஒன்று: ஒழுக்கமானவள், கீழ்ப்படிதல் உள்ளவள். கணக்கு டீச்சரை நேரில் பார்த்து, இவள் வகுப்பில் கேட்ட ஏதாவது ஒரு கேள்வி, உங்களையே யோசிக்க வைத்த ஒன்று, நினைவிருந்தால் அதை எழுதுங்கள் டீச்சர் என்றோம், அரை மணி நேரத்தில் அருமையான கடிதம் எழுதிவிட்டார். ஆனால் கடிதத்தை நாம் அனுப்ப முடியாது, டீச்சரின் மின்னஞ்சலுக்கு லிங்க் போகும், அவர்தான் ஏற்ற வேண்டும். அந்த லிங்க் ஸ்பாமில் பத்து நாள் தூங்கியது. அதனால் டீச்சரிடம் மூன்று வாரம் முன்பே சொல்லுங்கள், லிங்க் போன அன்றே போன் செய்து ஸ்பாமைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கையால் எழுதினால் போதும், டைப் செய்தால்தான் மதிப்பு என்றில்லை. ஆனால் டியூப்லைட் கீழே போட்டோ எடுத்தால் உங்கள் தலை நிழல் பாதி நிரூபணத்தை மறைக்கும், பகலில் ஜன்னலோரம் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். கட்டணம் லட்சங்களில் வரும் முகாமென்றால் உதவித்தொகைப் படிவத்தைக் கூச்சமில்லாமல் கூடவே நிரப்புங்கள். கோச்சிங் வகுப்போடு மோதுமா என்றால் மோதும், அப்பா அம்மாவோடு அந்தச் சண்டையை ஜனவரியிலேயே போட்டு முடித்துவிடுங்கள், ஏப்ரலில் போட்டால் தோற்பீர்கள்.

கடைசித் தேதி அமெரிக்க முகாம்களுக்குப் பெரும்பாலும் மார்ச்சை ஒட்டி வரும். பாஸ்டன் நேரம் இரவு 11.59 என்று போட்டிருந்தால் நமக்கு மறுநாள் காலை 10.29. மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள், அதற்குப் பிறகு என்றால் 9.29. எங்கள் வீட்டில் அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் தெரியாது, பத்தரை வரை இருக்கிறதே என்று இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அவள் முந்தின ராத்திரியே அனுப்பித் தொலைத்திருந்ததால் பிழைத்தோம்.