பெட்டியை முதலில் வாங்காதீர்கள்: குழந்தைகளின் ஓவியப் பொருள்களை அடுக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்து வருவதால், வீட்டில் வண்ணப் பொருள்களுக்கென ஒரு மூலையை ஒழுங்குசெய்வதற்குப் பெற்றோர் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. பெரும்பாலும் பாதி வேலை முடிந்த பிறகுதான் கேட்கிறார்கள். அந்தப் பாதியில், தொடக்க காலத்தில் நானே செய்த பிழைகளை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். பசையைத் திறந்து வைத்தால் காய்ந்துவிடும், கூர்முனைக் கத்தரிக்கோல் சிறு பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது என்பவற்றை எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எளிதில் கண்ணில் படாமல் பணத்தையும் உழைப்பையும் வீணாக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பொருள்களைப் பிரிக்கும் முன்பே பெட்டிகளை வாங்குவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரே நிறத்தில், ஒரே அளவில், ஒன்றன்மேல் ஒன்றாக அமரும் மூடிபோட்ட பெட்டிகளைப் பார்த்தவுடன், வீட்டில் இறைந்து கிடக்கும் எல்லாவற்றுக்கும் அதுவே தீர்வு என்று தோன்றிவிடுகிறது. ஒதுக்கி வைத்த பணத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துபோகிறது. என்ன பொருள் எவ்வளவு இருக்கிறது, எது வேலை செய்கிறது, எது காய்ந்து போயிற்று என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான் நடக்கிறது.

என்னிடம் பயிலும் ஒரு சிறுமியின் வீட்டில் இப்படி வாங்கிய பெட்டிகளைப் பார்த்தேன். வாய்ப்பகுதியை அளந்தால் ஏ4 தாள் தாராளமாக நுழையும். ஆனால் பக்கங்கள் உட்புறமாகச் சரிந்திருந்ததால், அடிப்பகுதியில் 297 மில்லிமீட்டர் நீளமே இல்லை. வண்ணத்தாள்கள் அடிவரை இறங்காமல் பாதியில் சிக்கி, மூலைகள் மேல்நோக்கி வளைந்து கிடந்தன. அதே அளவுள்ள இன்னொரு பெட்டியின் அடியிலோ இரண்டு அழிப்பான்களும் ஒரு ஷார்ப்னரும் மட்டும் உருண்டுகொண்டிருந்தன. அந்தச் சிறுமிக்கு ஒரு பச்சைக் கிரேயான் தேவைப்பட்டது. மேலே இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்து, மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். கிடைக்காமல் போகவே பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். அவளுடைய அம்மா கடிந்துகொண்டார். ஆழமான பெட்டியின் அடியில் கிடக்கும் துண்டுக் கிரேயானை எடுக்க ஐந்து வயதுக் குழந்தைக்கு வேறு வழி கிடையாது என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

முதலில் பெட்டிகளை வாங்கிவிட்டால், எதை எதோடு சேர்ப்பது என்பதைப் பெட்டியின் அளவே தீர்மானிக்கத் தொடங்கிவிடும். இடம் மிச்சமிருக்கிறதே என்று ஸ்கெட்ச் பேனாக்களோடு களிமண் அச்சுகளும், தூரிகைகளோடு பசைக்குழாயும் போய்ச் சேரும். திரும்ப எடுத்து வைக்கும்போது எது எங்கே இருந்தது என்பது பெரியவர்களுக்கே நினைவிருக்காது. பிறகு பெட்டிகளைக் குறை சொல்லி, வேறு வகைப் பெட்டிகளை வாங்குவார்கள். பணம் இரண்டாம் முறையும் அதே வழியில் போகும்.

சரியான வரிசை வேறு. ஒரு பழைய போர்வையை விரித்து, வீட்டிலுள்ள எல்லா வண்ணப் பொருள்களையும் அதன்மீது கொட்டுங்கள். ஒவ்வொரு ஸ்கெட்ச் பேனாவையும் தாளில் கிறுக்கிப் பார்த்து, காய்ந்தவற்றைக் கழித்துவிடுங்கள். எஞ்சியவற்றைப் பொருளின் பெயரால் பிரிக்காமல் செய்யும் வேலையால் பிரியுங்கள்: வரைவதற்கு, வெட்டி ஒட்டுவதற்கு, ஈர வண்ணம் தீட்டுவதற்கு, களிமண்ணுக்கு. குழந்தை உட்காரும்போது ஒரு வேலைக்குத் தேவையான அனைத்தும் ஒரே முறையில் மேசைக்கு வந்துவிட வேண்டும். பிரித்தவற்றைச் செருப்புப் பெட்டி, பிஸ்கட் டின், அட்டைப்பெட்டியின் அடிப்பாகம் என்று கையில் கிடைப்பவற்றில் வைத்து, இரண்டு மூன்று வாரங்கள் அப்படியே விடுங்கள். எந்தப் பெட்டி தினமும் வெளியே வருகிறது, எது தொடப்படவே இல்லை, எதைக் குழந்தை தானாகவே திரும்ப வைக்கிறது என்று கவனியுங்கள். அதன் பிறகும் ஏதாவது வாங்கத் தோன்றினால், ஆழமற்ற, மூடியில்லாத தட்டுகளாக, அடிப்பகுதியின் உள் அளவை அளந்து பார்த்து வாங்குங்கள். பல வீடுகளில் அதற்கான தேவையே எழுவதில்லை.

அழகாக இருக்காதே என்று கேட்கிறார்கள். அட்டைப் பெட்டிகள் அனைத்தையும் ஒரே வகைத் தாளால், வெள்ளையோ பழுப்போ, உறையிட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பவை எல்லாம் வண்ணங்கள்தாம். பெட்டி அடங்கியிருந்தால்தான் அவை எடுப்பாகத் தெரியும். பூப்போட்ட தாள், மினுக்கு நாடா, ஒட்டுப்படங்கள் என்று வெளிப்புறத்தை நிறைத்துவிட்டால், கடைசியில் கண்ணுக்குக் கூட்டமே மிஞ்சும்.

டின்களின் வெட்டு விளிம்பைக் கவனிக்காமல் விடுவது

உப்புத்தாளால் தேய்த்து, தடித்த டேப்பை இரண்டு சுற்று ஒட்டிய பிறகே குழந்தையிடம் கொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே வைப்பது

அலமாரி நிறைந்திருந்தால் குழந்தை நிறைய வரையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 36 மழலைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் மறுமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். பொம்மைகள் குறைவாக இருந்தபோது, குழந்தைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், பலவிதமாக விளையாடினர். அது பொம்மைகளைப் பற்றிய ஆய்வு என்றாலும், என் வகுப்பில் வண்ணங்களிலும் இதையே காண்கிறேன். 1903-இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்த கிரேயோலா என்ற கிரேயான் பெட்டியில் இருந்தவை 8 நிறங்களே. தினசரிப் பயன்பாட்டுக்கு அவ்வளவு போதும். மீதியை உள்ளே வைத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றிக் கொடுங்கள். புதிதாக எதையும் வாங்காமலே புதியது கிடைத்த மகிழ்ச்சி குழந்தைக்குக் கிடைக்கும்.

பெரியவர்களின் உயரத்தில் அடுக்குவது

மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த கல்வி முறையில், தாழ்வான திறந்த அலமாரிக்கு முக்கிய இடமுண்டு. குழந்தை தானே எடுத்து, தானே திரும்ப வைக்க முடிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். எட்டாத உயரத்தில் அழகாக அடுக்கிவிட்டு, குழந்தை திரும்ப வைப்பதில்லை என்று வருந்துவதில் நியாயமில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத வயதில் பெயர்ச்சீட்டு பயன்படாது. உள்ளே இருக்கும் பொருளின் படத்தை வரைந்து ஒட்டுங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு: வீட்டில் 3 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் மணிகள், பொத்தான்கள், ஒட்டுக்கண்கள் போன்ற சிறிய பொருள்கள் மேல்தட்டில் மூடியோடுதான் இருக்க வேண்டும்.

ஸ்கெட்ச் பேனாக்களை முனை மேலாக நிறுத்துவது

படுக்க வையுங்கள், மை முனையைவிட்டுக் கீழிறங்காது.

பேனா மூடியிலுள்ள துளையை அடைப்பது

அந்தத் துளையால்தான் மை காய்கிறது என்று நினைத்து டேப் ஒட்டுகிறார்கள். குழந்தை மூடியை விழுங்கி அது மூச்சுப்பாதையில் சிக்கிக்கொண்டாலும் காற்று போய்வர வேண்டும் என்பதற்காகவே அந்த அமைப்பு, ஐ.எஸ்.ஓ. 11540 என்ற பன்னாட்டுத் தரநிலையே இதற்கென இருக்கிறது. ஒருபோதும் அடைக்காதீர்கள்.

ஈரத் தூரிகையைக் குவளையில் நிமிர்த்தி வைப்பது

பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் நீர் கீழிறங்கி, முடிக்கற்றையைப் பிடித்திருக்கும் உலோக வளையத்துக்குள் புகும். உள்ளே பசை இளகி, மரப்பிடி ஊறி, வெளிப்பூச்சு உரியத் தொடங்கும். சில மாதங்களில் முடிகள் ஓவியத்தின்மீதே உதிரும். துணியில் ஒற்றி, கிடையாகப் போட்டு உலர்த்திய பிறகு நிமிர்த்தி வைத்தால், மலிவான தூரிகையும் நெடுநாள் உழைக்கும்.

சன்னலோரம்

வெயிலில் வண்ணத்தாள் வெளுக்கும், கிரேயான்கள் இளகி ஒட்டிக்கொள்ளும்.

முடிந்த ஓவியங்களைப் புதுத் தாள்களோடு வைப்பது

இரண்டும் கலந்தால், சில வாரங்களில் அந்தத் தட்டில் வெற்றுத்தாள் எது என்று தேட வேண்டியிருக்கும். இரண்டு ஏ3 அட்டைகளை ஒரு பக்கம் மட்டும் டேப்பால் இணைத்தால், 297-க்கு 420 மில்லிமீட்டர் அளவுள்ள தாள்வரை மடியாமல் கிடக்கும் கோப்பு தயாராகிவிடும். கட்டிலுக்கடியில் அதைத் தள்ளி வைக்கலாம். அது நிறைந்ததும், எவற்றை வைத்துக்கொள்வது என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்தெடுத்தவற்றின் பின்புறத்தில் தேதியை எழுதுங்கள். பென்சிலால் எழுதினால் மறுபக்கம் ஊறாது.