நாற்பதுக்கு மேல் மாதவிடாய் தடுமாறுகிறதா? முதலில் காலண்டரை எடுங்கள்

சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி இருக்கும், பால் வராத நாள் இருக்கும். மாதவிடாய் வந்த தேதி மட்டும் பெரும்பாலும் இருக்காது. நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் செய்ய வேண்டியது அதைக் குறிப்பதுதான். மாதவிடாய் முழுதாக நிற்பதற்கு முந்தைய தடுமாற்றக் காலத்தை, அதாவது பெரிமெனோபாஸை, ஒருநாள் ரத்தப் பரிசோதனையில் பிடித்துவிட முடியாது. இன்று ஏறியிருக்கும் ஹார்மோன் அடுத்த வாரம் இறங்கியிருக்கும். 45 வயதுக்கு மேல், மாதவிடாயும் மாறி அறிகுறிகளும் இருந்தால், எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. ஒரு பேனாவை நூலில் கட்டிக் காலண்டர் ஆணியில் தொங்கவிட்டால் அதைவிடப் பயன் உண்டு.

உள்ளே நடப்பது என்ன?

‘ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் நடப்பது அதுவல்ல. சில மாதங்களில் சினைமுட்டை வெளிவராமல் போகும். முட்டை வெளிவந்தால்தான் புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் சரியாகச் சுரக்கும், ஆகவே முதலில் குறைவது அதுதான். ஈஸ்ட்ரோஜன் ஒரு மாதம் முன்பைவிட அதிகமாகவே எகிறும், மறுமாதம் சரியும். கர்ப்பப்பையின் உட்சுவரை அது தடிக்கவைத்துக்கொண்டே போக, அடக்கிவைக்கப் புரோஜெஸ்ட்ரோன் இருக்காது. ஐம்பது நாள் வராமல் இருந்துவிட்டு, வந்தபிறகு கொட்டித் தீர்ப்பது இதனால்தான். மார்பு கனத்து வலிப்பதற்கும் இந்த ஏற்ற இறக்கம் காரணமாகலாம்.

புரோஜெஸ்ட்ரோன் உடலில் மாறும்போது உண்டாகும் ஒரு பொருளுக்கு மூளையை அமைதிப்படுத்தும் குணம் உண்டு. அது கூடிக் குறைந்து தடுமாறினால் தூக்கம் மெலிந்து, எரிச்சலும் காரணமில்லாத பதற்றமும் வரலாம். உடல் திடீரெனக் கொதித்து வியர்ப்பதும் மூளையின் வேலையே. உடல்சூட்டைக் கண்காணிக்கும் பகுதி, துளி சூடு கூடினாலும் பெரிதாக எடுத்துக்கொண்டு தோலின் ரத்தக்குழாய்களைத் திறந்துவிடுகிறது. சில நிமிடத்தில் அடங்கி, பின்னாலேயே குளிரும். தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்றுபோவதும் இந்தக் காலத்தில் சகஜம். இதை மறதி நோயின் தொடக்கம் என்று பயப்பட வேண்டாம்.

குறிக்கும் முறை

ரத்தம் வந்த ஒவ்வொரு நாளுக்கும் வட்டம். முதல் நாளுக்கு இரட்டை வட்டம். முழுதாக நனைந்த நாப்கின்களை மட்டும் எண்ணி வட்டத்தின் பக்கத்தில் எழுதுங்கள். சும்மா மாற்றியதைச் சேர்த்தால் கணக்கு ஊதிவிடும். கொதித்து வியர்த்தால் ‘வி’, தூக்கம் கெட்டால் ‘தூ’, மனம் சரியில்லை என்றால் ‘ம’, படபடப்புக்கு ‘ப’. ஒவ்வொன்றோடும் 1 முதல் 3 வரை ஓர் எண்: 1 என்றால் லேசு, 3 என்றால் அன்றைய வேலையே நின்றது. அன்றன்று இரவே எழுதிவிட வேண்டும். வாரக் கடைசியில் யோசித்து எழுதினால் மோசமான நாள் மட்டும்தான் நினைவில் நிற்கும்.

மூன்று நான்கு மாதம் போனதும், ஓர் இரட்டை வட்டத்திலிருந்து அடுத்தது வரை நாட்களை எண்ணுங்கள். அடுத்தடுத்த சுழற்சிகளுக்குள் 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் இது தொடக்கக் கட்டம். 60 நாள் தாண்டியும் வராமல் போனால் பிற்பகுதி. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ். பதினோராம் மாதம் வந்துவிட்டால் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு மெனோபாஸ் சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. எனவே 42 வயதில் தடுமாற்றம் ஆச்சரியமில்லை. 40-க்கு முன்பே என்றால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

இந்தக் கணக்கைக் கெடுப்பதில் முதலிடம், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நாளைத் தள்ளிப்போடும் மாத்திரைக்கு. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும் ரத்தம் மாத்திரையை விட்டதால் வருவது, அதைச் சுழற்சியாக எண்ணக்கூடாது. சாப்பிட்ட நாட்களைத் தனியாகக் குறியுங்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தவர்கள் இந்த மாத்திரையை மருந்துக்கடையில் நேராகக் கேட்டு வாங்கவே கூடாது. இன்னொன்று: ‘இந்த வயசுல என்ன’ என்று விடாமல், நாள் தள்ளினால் சிறுநீர் அட்டையில் கர்ப்பத்தைச் சோதித்துவிடுங்கள். 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் கடைசி ரத்தப்போக்குக்குப் பிறகு 2 ஆண்டும், 50-க்கு மேல் என்றால் 1 ஆண்டும் கருத்தடை தேவை.

காத்திருக்கக் கூடாதவை

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, தலைசுற்றினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக உறைந்து விழும் ரத்தக் கட்டிகள், 7 நாளுக்கு மேல் நிற்காத போக்கு, இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் அல்லது உடலுறவுக்குப் பின் ரத்தம், இவற்றுக்கு அந்த வாரமே. 12 மாதம் நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும் ‘திரும்ப வந்துடுச்சு’ என்று விடக்கூடாது. புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டிய அறிகுறி அது. இரண்டு வாரமாக ‘ம 3’ தொடர்ந்தாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

தைராய்டும் ரத்தசோகையும் இதே வேஷம் போடும். காசு செலவழிப்பதானால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு), சர்க்கரை பார்ப்பதற்குச் செலவழியுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்றால், அதோடு டீ, காபி குடிக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்கு மாற்றுங்கள்.

எதற்கு எது உதவும்?

பருத்தி உடை, படுக்கைக்குப் பக்கத்தில் ஃபேன், மதியத்துக்குப் பின் காபியை நிறுத்துவது எல்லாம் ஓரளவுதான். ‘வி 3’ வாரம் முழுக்க இருந்தால் ஹார்மோன் சிகிச்சையே அதிகம் பலன் தரும். 2002-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று இந்தச் சிகிச்சை பற்றிக் கிளப்பிய பயம் இன்னும் போகவில்லை. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், அல்லது மெனோபாஸாகி 10 ஆண்டுக்குள் தொடங்கும் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம். கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கக்கூடாது, உட்சுவரைக் காக்கப் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இது ஆகாது. அவர்களில் வியர்வையால் அவதிப்படுபவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு.

எலும்பு வேகமாகத் தேய்வது மாதவிடாய் நிற்பதை ஒட்டிய சில ஆண்டுகளில். ஒரு நாளுக்குக் குறைந்தது 1000 மி.கி. கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மி.கி. இருக்கிறது. நடை மட்டும் போதாது, தசைக்கு எடை வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். பழகியபின் கைக்கு ஒன்றாகத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளலாம்.

அதிக ரத்தப்போக்குக்கு, போக்கு இருக்கும் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் அமில மாத்திரையும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப்பும் இருக்கின்றன. இவற்றைப் பற்றிப் பேசாமலே ‘குழந்தை பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்’ என்று சொன்னால், காலண்டர் தாள்களோடு இன்னொரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எடுக்கத்தான் வேண்டும் என்றாலும், சினைப்பைகளை விட்டுவைப்பார்களா என்று கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டால், மெதுவாக வரவேண்டிய மெனோபாஸ் அறுவை முடிந்த சில நாளிலேயே மொத்தமாக வந்து இறங்கும்.