நீல நாற்காலிச் சிறுமியின் முன்னால் செய்யக்கூடாதவை

பெரிய நீல நாற்காலி ஒன்றில் ஒரு சிறுமி. உட்கார்ந்திருக்கிறாள் என்பதைவிடச் சரிந்து கிடக்கிறாள் என்றால் சரியாக இருக்கும். கால்கள் அகன்று தொங்குகின்றன. ஒரு கை மடங்கித் தலைக்குப் பின்னால் போயிருக்கிறது. இடுப்பில் கட்டம் போட்ட துணிப்பட்டை, காலுறையிலும் அதே கட்டம். எதிரே இன்னொரு நாற்காலியில் ஒரு குட்டி நாய் தூங்குகிறது. அமெரிக்காவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த மேரி கசாட் 1878இல் வரைந்த இந்த ஓவியம் இப்போது வாஷிங்டனில், தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இம்ப்ரெஷனிச ஓவியங்களை (கண்ணில் பட்ட ஒளியையும் நிறத்தையும் தூரிகைத் தீற்றல்களில் பிடிக்க முயன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாணி) பார்க்கத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகள் எல்லாவற்றையும் இந்த ஒரு படத்திடமே செய்துவிடலாம்.

பெரும்பாலும் எடுத்த எடுப்பில் முகத்துக்குப் போகிறோம். உருவப்படம் என்றால் முகம்தான் என்று கண் பழகியிருக்கிறது. சோகமா, கோபமா, என்ன யோசிக்கிறாள் என்று துருவுகிறோம். இவள் முகம் பெரிதாக எதையும் சொல்வதில்லை. பார்வை தாழ்ந்து எங்கோ பக்கவாட்டில் போகிறது. ஒன்று செய்து பாருங்கள். படத்தில் அவள் முகத்தை மட்டும் விரலால் மறையுங்கள். சலிப்பு அப்படியே இருக்கும். அது தோளிலும், வளைந்த இடுப்பிலும், தரையைத் தொடாத கால்களிலும் இருக்கிறது. முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, பெரியவர்கள் சொன்னபடி உட்கார்ந்த பிள்ளைகளைத்தான் அந்தக் காலத்து உருவப்படங்களில் அதிகம் பார்க்கலாம். இவள் யார் சொன்னதையும் கேட்கவில்லை. உட்கார்ந்த உருவத்தின் படத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உடம்பின் பாரம் எங்கே இறங்குகிறது என்பதுதான். முகம் அப்புறம்.

அடுத்தது, ஒரே தூரத்தில் நின்று பார்ப்பது. படம் ஏறக்குறைய 90 செ.மீ. உயரம், 130 செ.மீ. அகலம். கைபேசித் திரையில் அந்த நாற்காலி உறைகள் அச்சடித்த பூந்துணி போலத் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் பூவே இல்லை. நீலத்தின் மேல் சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாகத் தூரிகை இழுத்துவிட்டுப் போன தீற்றல்கள். பின்வாங்கினால் மறுபடி துணி. எந்த இடத்தில் தீற்றல் துணியாக மாறுகிறது என்று முன்னும் பின்னும் போய்த் தேடுவதில்தான் பாதி சுகம். நேரில் என்றால் நடக்க வேண்டும், திரையில் என்றால் விரலே போதும்.

தீற்றல்களைப் பார்த்ததும் ‘அவசரத்தில் பாதியில் விட்ட படம்’ என்று முடிவுகட்டுவது பழைய தவறு. ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்ற பெயரே இந்த ஓவியர்கள் 1874இல் பாரிஸில் நடத்திய கண்காட்சியைக் கேலி செய்த விமர்சனத்தால் பரவியதுதான். இந்தப் படத்தில் முகத்தையும் நாற்காலியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சருமம் அடக்கமாக, இழைந்து வந்திருக்கிறது; உறைதான் முரட்டுத்தனமாக இருக்கிறது. எங்கே இழைப்பது, எங்கே விடுவது என்பதில் தெளிவாக இருந்த கை இது.

அதே கூட்டத்து ஓவியர் எட்கார் தெகா விஷயத்தில் வேறு மாதிரி சறுக்கல். சிறுமி தெகாவுடைய நண்பர்களின் மகள். படம் அவருக்குப் பிடித்திருந்தது, பின்னணி பற்றி யோசனை சொன்னார், அதில் தானே கொஞ்சம் வரையவும் செய்தார் என்று கசாட்டே பின்னால் ஓவிய வியாபாரி வொலார்டுக்கு எழுதினார். அவ்வளவுதான், ‘அப்படியானால் இது தெகாவின் படம்’ என்று சிலர் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். பின்சுவர் ஒரு மூலையாக மடங்கி அறை ஆழமாகத் தெரிவதில் தெகாவின் பங்கு உண்டு, சரி. அந்த மூலையைப் பார்க்கும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள். சரிந்து கிடக்கும் உடம்பு கசாட்டுடையது. 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியின் அமெரிக்கப் பிரிவு இந்தப் படத்தை நிராகரித்தது. நடுவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் மருந்துக்கடைக்காரர் என்று அதே கடிதத்தில் பொருமுகிறார். எழுதியது 1903இல். இருபத்தைந்து வருஷமாகியும் ஆறவில்லை! நிராகரிப்புக்கு மறு வருடமே, 1879இல், கசாட் இம்ப்ரெஷனிஸ்டுகளோடு சேர்ந்து தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்.

நாற்காலிகள் ஓரத்தில் வெட்டுப்பட்டிருப்பதைச் சட்டத்துக்குள் அடங்காத பிழை என்று எண்ண வேண்டாம். ஜப்பானிய மரஅச்சுப் படங்களும் புகைப்படங்களும் அந்தத் தலைமுறை ஓவியர்களுக்குக் கற்றுக்கொடுத்த வெட்டு அது. நாற்காலிகளுக்கு நடுவில் கிடக்கும் சாம்பல் தரையையும் தாண்டிப் போய்விடாதீர்கள். அதன் கோணல்மாணலான உருவத்தை விரலால் சுற்றி வாருங்கள். பெரியவர்களின் அறையில் ஒரு குழந்தை எவ்வளவு சின்னது என்பதை அந்த வெற்றிடம்தான் காட்டுகிறது.

வெள்ளை உடையில் எத்தனை நிறம் என்று எண்ணுவதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

கடைசியாக, ‘அழகா இருக்குல்ல, நாய்க்குட்டி!’ என்று சொல்லி நகர்வது. நாயும் குழந்தையும் ஒரே படத்தில் இருந்தால் வாழ்த்து அட்டை பார்க்கும் கண் வந்துவிடுகிறது. ஆனால் அந்த நாயைச் சிறுமியோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரியான நாற்காலியில்தான் இருக்கிறார்கள். நாய் வாகாகச் சுருண்டுவிட்டது. அவளுக்கு இன்னும் ஒரு வாகு கிடைக்கவில்லை.