கால் எரிச்சல் நின்றால் சந்தோஷப்படாதீர்கள்

கடலூர் முதுநகரில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. அதில் பாதிக்காலம் ராத்திரியானால் பாதம் எரியும். மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி இருக்கிறது என்பார். போர்வை நுனி பட்டால்கூட ஆகாது. தூக்கம் வராமல் மொசைக் தரையில் காலை ஊன்றி உட்கார்ந்திருப்பார். ஒரு கட்டத்தில் அந்த எரிச்சல் தானாகவே குறைந்தது. கஷாயம் வேலை செய்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அப்புறம் ஒரு நாள், குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சூடு பண்ணி, மேலே எருக்க இலையைப் போட்டுக் காலை வைத்தார். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் செய்வதுதான். “சூடே ஏறலையேடா, இன்னும் கொஞ்சம் காய வை” என்றார். நானும் காய வைத்தேன். மறுநாள் குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். ஆற 3 மாதம் பிடித்தது.

எரிச்சல் போனது நரம்பு தேறியதால் என்று நாங்கள் நினைத்ததுதான் முதல் தவறு. சர்க்கரையால் பாதிக்கப்பட்ட நரம்பு முதலில் கத்தும். பாதிப்பு முற்றினால் சத்தமே இருக்காது. வலி அடங்கிய பிறகுதான் காலை அதிகமாகக் கவனிக்க வேண்டும். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். டாக்டரிடம் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை, வருடத்துக்கு ஒரு தடவையாவது செய்ய வேண்டும். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த 2021-லிருந்து பலருக்கு மாத்திரை வாசலுக்கே வந்துவிடுகிறது, நல்ல விஷயம். ஆனால் காலைக் காட்ட நாமும் அவ்வப்போது போய் வர வேண்டும்.

வலி இருக்கிறவர்கள் செய்கிற தவறு வேறு. மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் என்கிற வலி மாத்திரையை வாங்கி வாரக்கணக்கில் போடுவது. நரம்பு எரிச்சலுக்கு அது பெரிதாகக் கேட்காது. சர்க்கரைக்காரர்களின் கிட்னிக்குத்தான் கெடுதல். இதற்கென்றே பிரிகாபலின், டுலாக்சிடின், அமிட்ரிப்டிலின் மாதிரி மருந்துகள் இருக்கின்றன. குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். பலன் தெரிய சில வாரம் ஆகும். நாலு நாள் போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று விடுவதும், மாதக்கணக்கில் போட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் தப்பு. மயக்கமாக இருக்கிறது, கால் வீங்குகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள்.

பலரும் தவறவிடுவது இன்னொன்று உண்டு. மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறையும் மதமதப்பைத்தான் தரும். அதனால் ரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது. பார்க்காமலே சத்து ஊசியாகப் போட்டுத் தள்ளுவதும் சரியில்லை. அவற்றில் பலவற்றில் பி6-ம் கலந்திருக்கும், அது அதிகமானால் அதுவே நரம்பைக் கெடுக்கும். அதேபோல், எகிறிக் கிடந்த சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது சிலருக்கு எரிச்சல் கூடும். இன்சுலின்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

இனி தோல். அதைத் தனி நோயாக நினைக்கிறோம், பாதி அதே நரம்புக் கதைதான். வியர்வையை இயக்கும் நரம்பு கெட்டால் பாதம் வியர்க்காது, காய்ந்து வெடிக்கும். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தாராளமாகத் தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் கூடாது. ஈரம் தங்கினால் சேற்றுப்புண். ஐப்பசி, கார்த்திகையில் தெருத்தண்ணீரில் நடந்து வந்தால் கழுவி, இடுக்கெல்லாம் துணியால் ஒற்றி எடுங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவது, ஆசிட் பிளாஸ்டர் ஒட்டுவது, எருக்கம்பால் வைப்பது மூன்றும் வேண்டாம்.

படர்தாமரைக்கு டியூப் வாங்கும் பழக்கம் எனக்கே உண்டு. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். காரணம், அந்தக் கலவைக் களிம்புகள் பலவற்றில் இருக்கும் ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கிவிட்டு, பூஞ்சையைப் பரவ விடும். நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிய வட்டம். மறைவிட அரிப்பையும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு அது வரக்கூடியதுதான். ஆனால் தோலில் வெளிறிய தேமல், அந்த இடத்தில் தொட்டால் உணர்வில்லை என்றால் சர்க்கரை மேல் பழி போடாதீர்கள். தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்து மருந்து தருவார்கள், குணமாகும்.

திருவந்திபுரம் மலைப்படி ஏறுவதையோ, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடப்பதையோ யாரும் விடச் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் கருங்கல்லில் வெறுங்காலோடு நிற்காமல், விடிகாலையில் போய்விடுங்கள். மற்ற நேரம் பின்வார் வைத்த எம்.சி.ஆர் (மெத்தென்ற ரப்பர்) செருப்பு. மாட்டுவதற்கு முன் உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

பெரியம்மா வீட்டில் இப்போது செங்கல் கிடையாது. ராத்திரி சீரியல் இடைவேளையில் பேரன் கைக்கண்ணாடியைக் காலடியில் பிடிப்பான், அவர் குனிந்து பார்ப்பார். போன வாரம் பெருவிரலுக்குக் கீழே என்னவோ வெள்ளையாகத் தெரிய, இழுத்துப் பார்த்தால் அரை விரல் நீளத்துக்கு மீன் முள். எப்போது குத்தியது என்று கேட்டோம். அவர் யோசித்துவிட்டு, “செவ்வாக்கிழமை மீன் வாங்கினேன்” என்றார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.